கருந்தொண்டைச் சில்லை: மலைப் புல்வெளியில் தேடிக் கண்டு உறுதிசெய்ய முழுமையான வழிகாட்டி

மலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடு வருவார்கள். நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி நெட்டைக்காலி என்று நீளும் அந்தப் பட்டியலில், புல் விதை தின்னும் சின்னக் குருவியான கருந்தொண்டைச் சில்லையும் (Black-throated Munia) எங்காவது இருக்கும். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்துவிடும். சில்லை மட்டும் ‘பார்த்த மாதிரி இருந்தது’ என்பதோடு நின்றுவிடும். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பாதிப் பேருக்கு அது புள்ளிச் சில்லையின் இளம்பறவையாக இருக்கும்.

இது ஒன்றும் கிடைக்காத பறவை இல்லை. அழியும் நிலையில் உள்ளவற்றின் வரிசையிலும் சேர்க்கப்படவில்லை. தேடுகிற வரிசையும் பார்க்கிற வரிசையும் தப்பிப் போவதுதான் சிக்கல். அந்த இரண்டையும் சரிசெய்யத்தான் கீழே உள்ளதெல்லாம். நீலகிரி, பழனி மலை, ஆனைமலை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இலங்கை மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

1. மலையேறும் முன் மற்ற சில்லைகளைப் பழகிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கருந்தொண்டைச் சில்லையின் படத்தை மட்டும் நாலு தடவை பார்த்துவிட்டு வருவார்கள். களத்தில் எதிரே வருவதோ ஐந்து வகைச் சில்லைகள். எது எதுவெல்லாம் ‘அது இல்லை’ என்று தெரிந்தால்தான் ‘அது’ தனியாகத் தெரியும்.

புள்ளிச் சில்லை: சமவெளியிலும் உண்டு, மலையிலும் உண்டு. முகம் செம்பழுப்பு. வெளிர் மார்பிலும் வயிற்றுப் பக்கத்திலும் மீன் செதில் போல் அடுக்கடுக்கான குறிகள். இதை உங்கள் ஊரிலேயே ஒரு மாதம் பார்த்துப் பழகலாம். குறிப்பாக அதன் இளம்பறவையைப் பாருங்கள். செதிலே இல்லாமல் உடம்பு முழுக்க ஒரே மங்கலான பழுப்பாக இருக்கும். அலகு மட்டும் கறுத்திருக்கும். ஏமாற்றுவது பெரும்பாலும் இதுதான்.

வெண்முதுகுச் சில்லை: தலையும் மார்பும் கரும்பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, வால் கூர்மை. வாலுக்குச் சற்று மேலே, கீழ்முதுகில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. கழுத்துக்கு முன்புறம் இருண்டிருப்பதால், அவசரத்தில் இதையே கருந்தொண்டை என்று எழுதிவிடுகிறார்கள்.

கருந்தலைச் சில்லை: தலை முழுக்கக் கறுப்பு, பக்கங்களில் தூய வெள்ளை, முதுகு செங்கல் நிறம், அலகு நீலம் கலந்த சாம்பல். நீர் தேங்கும் இடங்களிலும் நெல் வயல்களிலும் அதிகம். இதில் குழப்பம் வர வழியில்லை.

வெண்தொண்டைச் சில்லை: வறண்ட தாழ்நிலத்துப் பறவை. மலை உச்சிப் புல்வெளியில் இதைப் பார்த்ததாகத் தோன்றினால் இன்னொரு தடவை பாருங்கள்.

சிவப்புச் சில்லை: இனப்பெருக்கக் காலத்து ஆணை யாரும் தவறவிட மாட்டார்கள். மற்ற காலங்களில் பழுப்பாக இருந்தாலும் சிவந்த அலகு காட்டிக் கொடுத்துவிடும்.

இவற்றோடு கதிர்க்குருவிகளையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள். அவை சில்லை இனமே இல்லை. ஆனால் புல் அசைகிறது, உள்ளே சின்னதாக ஏதோ நகர்கிறது என்றதும் ‘சில்லை!’ என்று கத்திவிடத் தோன்றும். கதிர்க்குருவியின் அலகு மெல்லிய ஊசி, வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும். சில்லையின் அலகு தடித்த முக்கோணக் கூம்பு. அலகைப் பார்த்த அந்த நொடியே இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. தேடும் பறவை எப்படி இருக்கும்

நீளம் சுமார் 12 செ.மீ, சிட்டுக்குருவியைவிடச் சிறியது. மேலே அடர்பழுப்பு, வால் கறுப்பு. முகமும் தொண்டையும் கறுப்பை நெருங்கும் பழுப்பு. அந்த இருட்டு மேல்மார்பில் முடிய, அதற்குக் கீழே வயிறு முழுக்க இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. செதில் கிடையாது, வெள்ளையும் கிடையாது. கழுத்தின் பக்கவாட்டில் முகத்தைவிட வெளிறிய ஒரு பகுதி தெரியும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான். பிரித்துச் சொல்ல முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கேதான் இலங்கை விஷயம். மேலே சொன்னது மேற்குத் தொடர்ச்சி மலையின் துணையினம். இலங்கையில் இருப்பதற்கு வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகச் செதில் குறிகள் உண்டு. இணையத்தில் தேடினால் இரண்டின் படங்களும் கலந்து வரும். இலங்கைப் படத்தை மனதில் பதித்துக்கொண்டு குன்னூருக்கு வந்தவர், கண்ணெதிரே இருக்கும் சரியான பறவையை ‘செதிலே இல்லையே’ என்று ஒதுக்கிவிடுவார். நுவரெலியாவில் இருப்பவருக்கோ நேர்மாறான ஆபத்து. அங்கே கருந்தொண்டைச் சில்லைக்கும் செதில், புள்ளிச் சில்லைக்கும் செதில். வயிற்றை வைத்து முடிவெடுக்க முடியாது. முகம் கருமையா, செம்பழுப்பா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. படம் பார்க்கும்போது அது எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆந்திரா, ஒடிசா பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மூன்றாவதாக ஒரு துணையினம் தனித்துண்டாக வாழ்கிறது. அதற்கும் வயிற்றில் செதில் இல்லை.

3. கையில் என்னென்ன வேண்டும்

8x42 பைனாகுலர் போதும். 10 மடங்கு இன்னும் பெரிதாகக் காட்டுமே என்பார்கள். காட்டும்தான். ஆனால் பார்வைப் பரப்பு குறையும், கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். புல்லுக்குள் குதித்துக்கொண்டே இருக்கும் சின்னப் பறவையைப் பிடிக்க அகலமான பார்வைதான் உதவும்.

மூடுபனியில் லென்ஸ் நனைந்துகொண்டே இருக்கும். உலர்ந்த பருத்தித் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்த பிறகு இன்னொன்று. சட்டை நுனியால் துடைத்தால் லென்ஸில் மங்கல் பரவும், அப்புறம் எல்லாப் பறவையும் ஒரே நிறம்தான்.

சின்ன நோட்டு, பென்சில். மழைத்தூறலில் பேனா எழுதாது, போன் திரையும் ஈர விரலுக்குக் கேட்காது. மழைக்காலம் என்றால் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறை. பச்சை, காக்கி, பழுப்பு உடைகள். வேறு பெரிய செலவு எதுவும் இல்லை.

4. காலமும் நேரமும்

மழை ஓய்ந்து புல் கதிர் கட்டும் நாட்களைக் குறிவையுங்கள். நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கிழக்கே கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கும் நல்ல பங்கு உண்டு. அதனால் ‘மலை முழுக்க இந்த மாதம்’ என்று ஒரே பதில் சொல்ல முடியாது. நீங்கள் போகிற சரிவில் எந்த மழை பெய்கிறது, அது எப்போது ஓய்ந்தது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்பதுதான் சரி.

பனிக்காலத்தில் ஊட்டி போன்ற உயரங்களில் உறைபனி விழுந்து புல் கருகிவிடும். அப்போது திறந்த வெளியைவிட, மரம் மறைத்து உறைபனி தாக்காத ஓரங்களில் தேட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்தவுடனே போய் நிற்க வேண்டும் என்ற பறவைக்காரர்களின் பழக்கம் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. விடியலில் புல் நனைந்து கிடக்கும், மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். வெயில் பட்டுக் கதிர் உலரத் தொடங்கும் நேரம்தான் நல்ல நேரம். கதிரில் தொங்கும் பறவைகளைத் தெளிவாகப் பார்க்க முடிவதும் அப்போதுதான். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கிவிடும் நாட்கள் மலையில் நிறைய. ஆகவே காலை உணவை முடித்துவிட்டே கிளம்பலாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

5. கதிரைத் தேடுங்கள், பறவை தானாக வரும்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் உயரம். அடிவாரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். இப்படிப்பட்ட நடுமலை உயரங்களில், திறந்த சரிவும் புதரும் மரமும் கலந்து கிடக்கும் இடங்களில் தொடங்குங்கள்.

புதிதாக வருகிறவர்கள் ‘புல்வெளிப் பறவை’ என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் அலையலையாக விரியும் பெரிய சோலைப் புல்வெளியின் நடுவில் போய் நிற்கிறார்கள். இடம் அழகுதான், நெட்டைக்காலி கிடைக்கும். சில்லை பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். புல்வெளி புதரைத் தொடும் இடம், தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே விடப்பட்ட தரிசு, மலைக்காய்கறித் தோட்டத்தின் படிக்கட்டு வரப்பு, சாலை வளைவின் மண்சரிவு. காரணம் எளிது. சாப்பாடு திறந்த வெளியில், ஒளிந்துகொள்ள இடம் புதரில். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பறத்தல் தூரம் இருந்தால்தான் அதற்கு நிம்மதி.

அடுத்து புல்லையே பாருங்கள். மாடு மேய்ந்து கட்டையாக நிற்கும் புல்லில் விதை இருக்காது. தரையோடு படர்ந்து மெத்தை போட்டது போல் கிடக்கும் கிக்குயு புல்லும் பார்க்கத்தான் பச்சை. முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் தள்ளிய புல் வேண்டும். ஒரு கதிரை விரலால் உருவிப் பாருங்கள். விதை பால் பதத்தில் நசுங்குகிறதா, அல்லது முற்றி உதிர்கிறதா? இரண்டுமே நல்லதுதான், பால் பதத்து விதையையும் சில்லைகள் விரும்பித் தின்னும். உருவினால் வெறும் உமிதான் வருகிறது என்றால் விருந்து முடிந்துவிட்டது, அடுத்த இடம் பாருங்கள்.

கதிர் சரியாக இருந்தால், அங்கே பறவை வந்து போனதற்கு அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். பாதி உருவப்பட்ட கதிர்கள், கீழ் இலைகளில் சிதறிக் கிடக்கும் மெல்லிய உமி, மடிந்து நிற்கும் தண்டுகள். சில்லை தின்னும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த அடையாளங்கள் எப்படி வருகின்றன என்று புரியும். தண்டின் நடுவில் வந்து உட்காரும். அதன் எடைக்கே தண்டு வளையும். வளைய வளையப் பறவையும் கால் மாற்றி மாற்றிக் கதிரை நோக்கி நகரும். ஒரு விதையை இழுத்ததும் அலகுக்குள் அதை உருட்டும். இரண்டு மூன்று அசைவில் உமி அலகின் ஓரமாக வெளியே வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த விதைக்குக் குனியும்போது கீழே விழும். நிமிடக்கணக்கில் இதையே செய்யும். அலகோரத்தில் வெளிர் உமி ஒட்டிய சில்லையைப் படத்தில் பார்த்துவிட்டு ‘அலகில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, இது என்ன வகை?’ என்று கேட்டவர்களும் உண்டு.

6. அனுமதியும் பாதுகாப்பும்

நீங்கள் நிற்கும் இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேயிலைத் தோட்டம் என்றால் அலுவலகத்திலோ காவலரிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்குச் சும்மா போய்விட முடியாது. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளுக்குப் பக்கத்துப் புல்வெளிகளில் அங்கே வாழ்பவர்களிடம் சொல்லிவிட்டு நடப்பதுதான் மரியாதை. நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பறவைக்குச் சாலையோரமே பெரும்பாலும் போதும்.

வெளியூர் வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

காட்டுமாட்டை லேசாக நினைக்காதீர்கள். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் அது பகலிலேயே மேயும். நீங்கள் தேடுகிற அதே உயரமான புல்லும் அதே புதரோரமும் அதற்கும் பிடிக்கும். பைனாகுலரில் கண்ணை ஒட்டிக்கொண்டு நடக்காதீர்கள். நின்று பாருங்கள், பைனாகுலரை இறக்குங்கள், சுற்றிலும் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போனால் ஒருவர் பறவையைப் பார்க்க, மற்றவர் சுற்றுப்புறத்தைப் பார்க்கலாம்.

7. நெருங்கும் முறை

கூட்டத்தைக் கண்டதும் நேரே அதை நோக்கி நடப்பதுதான் எல்லோரும் செய்வது. கூட்டம் ஒட்டுமொத்தமாக எழும்பிப் புதருக்குள் போய்விடும். பின்னாலேயே போனால் அடுத்த புதர். மூன்றாவது தடவை பள்ளத்தாக்கின் மறுபக்கம் போய்விடும், அன்றைய கதை அவ்வளவுதான்.

கதிருக்கும் புதருக்கும் நடுவில் போகாதீர்கள். அது அவற்றின் தப்பிக்கும் வழி. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் வந்து, இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளி உட்காருங்கள். நிற்பதைவிட உட்கார்வது நல்லது: உருவம் சிறிதாகும், கையை முழங்காலில் ஊன்றலாம், நடுக்கமும் குறையும். கூட்டம் பறந்துவிட்டாலும் அசையாமல் இருங்கள். விதை இன்னும் மீதி இருந்தால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். முதலில் ஒன்றோ இரண்டோ புதர் உச்சிக்கு வந்து எட்டிப் பார்க்கும், பிறகுதான் மற்றவை. அந்த முதல் ஒன்றிரண்டுதான் உங்களுக்கு வேண்டியவை. புல்லின் மறைப்பு இல்லாமல், திறந்த கிளையில், முழு உடம்பும் தெரிய உட்காரும்.

போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். கூட்டமாகத் திரிந்து இரை தின்னும் பறவையிடம் அதற்குப் பலனும் இல்லை, தொந்தரவு மட்டுமே மிச்சம்.

8. பார்க்கும் வரிசை: அலகு, தொண்டை, வயிறு, கீழ்முதுகு

கூட்டம் உங்களுக்குத் தரும் நேரம் சில நொடிகள்தான். அந்த நேரத்தில் ‘அழகாக இருக்கிறதே’ என்று முழுப் பறவையையும் பார்த்தால் கடைசியில் எதுவும் நினைவில் நிற்காது. ஒரே ஒரு பறவையைத் தேர்ந்துகொண்டு இந்த வரிசையில் கேள்வி கேளுங்கள்.

அலகு தடித்த கூம்பா? ஆம் என்றால் சில்லைகளில் ஒன்று. சிவப்பாக இருந்தால் சிவப்புச் சில்லை, தேடல் அங்கேயே முடிந்தது.

தொண்டை கருமையா? இந்தக் கேள்வியில்தான் மலையின் வெளிச்சம் விளையாடும். பின்னால் வெண்மேகமோ மூடுபனியோ இருக்க, அதற்கு முன்னால் உட்காரும் எந்தச் சில்லைக்கும் தொண்டை கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே தொண்டையை மட்டும் பார்க்காமல், தொண்டைக்கும் கழுத்துப் பக்கத்துக்கும் நிற வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே இருட்டு என்றால் அது வெளிச்சத்தின் வேலையாக இருக்கலாம், முடிவெடுக்காமல் காத்திருங்கள். தொண்டை இருண்டு, கழுத்துப் பக்கம் வெளிறித் தெரிந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வயிறு என்ன நிறம்? இளஞ்சிவப்புப் பழுப்பு, ஒரே சீராக என்றால் கிட்டத்தட்ட உறுதி. அழுக்கு வெள்ளை என்றால் வெண்முதுகுச் சில்லை. செதில் என்றால், இந்திய மலையில் புள்ளிச் சில்லை. ஒரே சீரான பழுப்புதான், ஆனால் தொண்டையும் அதே பழுப்பு என்றால் புள்ளிச் சில்லையின் இளம்பறவை. கடைசியாகச் சொன்னதை எழுதி ஒட்டி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. ‘செதில் இல்லை’ என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கருந்தொண்டை என்று முடிவு கட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

கீழ்முதுகில் வெள்ளை உண்டா? இதை உட்கார்ந்திருக்கும் பறவையிடம் பார்ப்பது கடினம், மடித்த இறக்கை மறைத்துவிடும். பறக்கும்போதுதான் தெரியும். கூட்டம் எழும்பும் நொடியில் எல்லோரும் ‘போச்சே!’ என்று பைனாகுலரை இறக்கிவிடுவார்கள். இறக்காதீர்கள். உங்களை விட்டு விலகிப் பறக்கும்போது முழுசாகத் தெரியும் ஒரே இடம் கீழ்முதுகு. வெள்ளை பளிச்சிட்டால் வெண்முதுகுச் சில்லை. பளிச்சிடவில்லை என்றால், தொண்டையிலும் வயிற்றிலும் பார்த்ததற்கு அது கடைசிச் சாட்சி.

ஏன் இந்த வரிசை? அலகு பெரும்பாலான கோணங்களில் தெரியும், அதனால் முதலில். கீழ்முதுகு பறக்கும்போது மட்டும், அதனால் கடைசியில். நடுவில் இருக்கும் இரண்டில் தொண்டை ஏமாற்றும், வயிறு அந்த ஏமாற்றைத் திருத்தும்.

ஒரு கூட்டத்தில் ஒரு பறவையை உறுதிசெய்துவிட்டால் மற்ற எல்லாமும் அதுவே என்று நினைக்க வேண்டாம். சில்லைகள் இனம் கலந்து மேய்வது சாதாரணம். அடுத்த பறவைக்கு இதே நான்கு கேள்வியையும் மறுபடி கேளுங்கள்.

9. இளம்பறவை வந்தால்

கருந்தொண்டைச் சில்லையின் இளம்பறவை மேலே பழுப்பு, கீழே இன்னும் வெளிறிய மஞ்சள் பழுப்பு. தொண்டையின் கருமை முழுசாக ஏறியிருக்காது. தனியாக ஒன்று உட்கார்ந்திருந்தால் புள்ளிச் சில்லையின் குஞ்சிலிருந்து பிரிப்பது அனுபவப்பட்டவருக்கே சிரமம். பெற்ற பறவை வந்து ஊட்டுகிறதா என்று பாருங்கள். ஊட்டினால் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் இனம் சொல்லாமல் விடுவதே நல்லது.

10. படம் எடுத்தல்

மூன்று படம் போதும்: பக்கவாட்டில் ஒன்று, வயிறு தெரிய ஒன்று, பறக்கும்போது கீழ்முதுகு தெரிய ஒன்று. ஒரே பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்த அறுபது படம் இனம் உறுதிசெய்ய உதவாது.

பின்னணியில் மேகம் இருந்தால் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். ஒளி ஈடுசெய்யும் அமைப்பை (exposure compensation) ஒரு படி கூட்டி வையுங்கள். பின்னணி வெளுத்துப் போகட்டும், பறவையின் நிறம் சரியாக வர வேண்டும். எடுத்த பிறகு மாறுபாட்டை (contrast) ஏற்றி அழகுபடுத்திய படத்தைக் காட்டி இனம் கேட்காதீர்கள். பழுப்புத் தொண்டையைக் கருந்தொண்டை ஆக்க அந்த ஒரு பொத்தானே போதும். எடுத்தபடியே காட்டுங்கள்.

11. எண்ணுவதும் பதிவதும்

புல்லுக்குள் இருக்கும்போது எண்ணினால் எப்போதும் குறைவாகவே வரும். கூட்டம் கதிரிலிருந்து புதருக்குப் பறக்கும் நேரத்தில் ஐந்து ஐந்தாக எண்ணுங்கள். கலப்புக் கூட்டம் என்றால் மொத்தத்தை முதலில் எண்ணிவிட்டு, உட்கார்ந்த பிறகு எத்தனை எந்த இனம் என்று பிரியுங்கள். பிரிக்க முடியாதவற்றை ‘சில்லை, இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையத் தளமான இபேர்டில் (eBird) அதற்கென்றே தனிப் பெயர் உண்டு. அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட ஒன்றுமில்லை. தப்பான இனத்தைப் பதிந்தால் மலை முழுக்க அந்தப் பறவையின் கணக்கே கெடும்.

குறிப்பில் இவை இருக்கட்டும்: இடம், உயரம், நேரம், வானிலை, எந்த மாதிரிப் புல், கதிர் எந்தப் பதத்தில், நான்கு கேள்விகளுக்கும் கிடைத்த பதில். அன்று பார்த்த மற்ற பறவைகளையும், காக்கை மைனா உட்பட, சேர்த்து முழுப் பட்டியலாகப் பதியுங்கள். முழுப் பட்டியல் இருந்தால்தான் இந்தப் பறவை அங்கே இல்லாத நாளும் ஒரு தகவலாகும். பதியும் பழக்கமே இல்லாதவர்களுக்கு ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம்.

செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதாதீர்கள். குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலி மெல்லிய சில்லைக் குரல்களில் தடுமாறலாம். அது சொல்வது ஒரு துப்பு, அவ்வளவுதான். நான்கு கேள்வியும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

12. கூடு கண்ணில் பட்டால்

அலகில் நீளமான புல் இழையோடு பறக்கும் சில்லையைப் பார்த்தால் கூடு கட்டுகிறது என்று பொருள். கூடு புல்லால் பின்னிய பெரிய உருண்டை; வாசல் பக்கவாட்டில் இருக்கும். பறவையின் அளவுக்கு அந்தக் கூடு ரொம்பப் பெரிதாகத் தோன்றும். முட்டைகள் வெள்ளை.

தூரத்தில் இருந்து ஒரு தடவை பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், நகர்ந்துவிடுங்கள். கிளையை விலக்கிப் படம் எடுத்தால் அந்த இடைவெளி வழியாகக் காக்கையும் பார்க்கும். நீங்கள் நிற்கும் நேரம் முழுக்கப் பறவை உள்ளே போகாமல் வெளியே காத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மலைக் குளிரில் முட்டை ஆறிவிடும்.

கூட்டின் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். சில்லைகளைப் பிடித்துச் சாயம் பூசிக் கூண்டில் விற்கும் தொழில் இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். வலையோ கண்ணியோ கண்ணில் பட்டால் நீங்களாக இறங்கிச் சண்டை போடாமல், இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

13. தேடியும் கிடைக்கவில்லை என்றால்

அடுத்த மலைக்கு ஓடுவதற்கு முன் அதே இடத்தைச் சரிபாருங்கள். போன வாரம் கதிர் நின்ற சரிவில் இந்த வாரம் ஆடுமாடு இறங்கியிருக்கலாம், சாலைப் பராமரிப்பில் ஓரப்புல்லை வெட்டியிருக்கலாம், விதை உதிர்ந்திருக்கலாம். அப்படியானால் அதே சுற்றுவட்டத்தில், வேறு திசையைப் பார்த்த சரிவுக்குப் போங்கள். வெயில் குறைவாகப் படும் சரிவில் புல் பிந்திக் கதிர் வைக்கும். ஒரு பக்கம் முடிந்த விதை மறுபக்கம் அப்போதுதான் பால் பிடித்திருக்கும்.

அங்கேயும் இல்லையென்றால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். ‘கருந்தொண்டைச் சில்லை பார்த்தீர்களா’ என்று கேட்டால் பதில் வராது. ‘புல் விதை தின்ன வருமே, கூட்டமா சின்னக் குருவி, எங்கே அதிகம் வருது?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்த மேடு, எந்த ஓடைக்கரை என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். அங்கே போய்ப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அலகிலிருந்து தொடங்குங்கள்.